ஜின்பாவின் முகம் ஏன் வீங்கியது? கல்லடியில் நாலு இரவுத் திபெத்தியத் திரையிடல்

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடி மண்டபம். நூறு பிளாஸ்டிக் கதிரை, பன்னிரண்டடி அகலத் திரை, நாலு இரவு, நாலு படம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபா. நாலும் திபெத்திய மொழிப் படங்கள். நாலும் பேமா செடென் என்ற ஒரே நெறியாளருடையவை. படத்தெரிவுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம். போட்டுக்காட்டிய விதத்துக்கு நாலரை. அந்த நாலரையும் மூன்றாம் இரவுக்குப் பிறகு ஒழுங்குசெய்த பொடியன்கள் பட்ட பாட்டுக்காக.

குறையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் படங்கள் குறை தாங்காதவை. ஒரு மசாலாப் படத்தில் ஒலி கரகரத்தாலும் பாட்டும் சண்டையும் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பேமா செடெனின் படத்தில் கமரா அசையாமல் நிமிடக் கணக்கில் நிற்கும். ஒருவர் சிகரெட் சுற்றிக்கொண்டிருப்பார், பின்னால் காற்று. அந்த நேரத்தில் திரையில் ஒரு பிழை கிடந்தால், பார்க்கிறவரின் கண்ணுக்கு அதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

மூன்றாம் இரவு நடந்ததும் அதுதான். அன்று போட்டது 2018இல் வந்த ‘ஜின்பா’. வெனிஸ் விழாவின் ஒரிசோன்டி பிரிவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்ற படம். தயாரிப்பாளர்களில் ஹொங்கொங் நெறியாளர் வொங் கார்-வாயும் ஒருவர். ஆளில்லாத மேட்டுநிலத்து வீதியில் ஒரு லொறிச் சாரதி ஓர் ஆட்டை அடித்துவிடுகிறான். வழியில் ஏற்றிக்கொண்ட ஆளுக்கும் அவனுடைய பெயர்தான், ஜின்பா. ஏறியவன் தன் தகப்பனைக் கொன்றவனைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டு ஜின்பாக்களையும் ஒரே லொறிக்குள் நெருக்கி வைப்பதற்காகவே படத்தை 4க்கு 3 என்ற பழைய சதுரமான அளவில் எடுத்திருக்கிறார்கள். மண்டபத்துப் புரொஜெக்டரோ அதைப் பிடித்து 16க்கு 9 ஆக இழுத்துவிட்டது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பின்வரிசையில் ஓர் அம்மா கேட்டார்: “என்ன மனே, எல்லாரும் வீங்கிப்போய்க் கிடக்காங்க?” பக்கத்திலிருந்த பொடியன் யோசிக்காமல் சொன்னான்: “அங்க குளிர்தானே அம்மா, முகம் அப்பிடித்தான் இருக்கும்.”

இருபது நிமிடம் அப்படியே ஓடியது. அந்த அம்மா கேட்டதை இயக்குகிறவர் காதில் வாங்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். வழி இதுதான்: படத்தை நிறுத்தி, திரையில் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்கள். ‘ஜின்பா’வில் லொறிச் சில்லுக்குப் பஞ்சமே இல்லை. சில்லு முட்டை வடிவில் இருந்தால் அளவு பிழை. பிறகு மடிக்கணினித் திரையைப் பாருங்கள். அங்கே சில்லு வட்டமாகவும் சுவரில் முட்டையாகவும் இருந்தால் குற்றவாளி புரொஜெக்டர். அதன் மெனுவில் ‘வைட்’ அல்லது ‘ஃபுல்’ என்று கிடப்பதை ‘ஆட்டோ’வுக்கோ 4:3க்கோ மாற்ற வேண்டும். இரண்டிலும் முட்டையாக இருந்தால் குற்றவாளி படம் ஓட்டும் மென்பொருள். வி.எல்.சி.யில் ‘ஏ’ விசையைத் தட்டத் தட்ட அளவுகள் மாறும். ‘டிஃபோல்ட்’ வந்ததும் விட்டுவிடலாம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது பிழையென்று நினைத்து மறுபடி இழுத்து நிரப்புகிறவர்கள் உண்டு, கலியாண வீட்டு வீடியோ போட்டுப் பழகிய கை அப்படித்தான் செய்யும். அந்தப் பட்டையும் படத்தோடு சேர்ந்ததுதான்.

இனிப் படங்களுக்கு வருவோம். பேமா செடென் 1969இல் சிங்ஹாய் மாகாணத்தின் அம்தோ பகுதியில் பிறந்தவர், மேய்ச்சல் குடும்பம். திபெத்திய மொழியிலும் சீன மொழியிலும் சிறுகதை எழுதினார், பிறகு பீஜிங் திரைப்படக் கல்லூரியில் படித்தார். அவருக்கு முன்னர் உலகம் பார்த்த ‘திபெத்’ பெரும்பாலும் வெளியாட்கள் எடுத்தது. 1997இல் வந்த இரண்டு பெரிய ஹொலிவுட் படங்களில் ஒன்றுக்கு ஆர்ஜென்டீனாவும் மற்றதற்கு மொரோக்கோவும் திபெத்தாக நடித்தன. பேமா செடெனின் ஆட்கள் பேசுவது அம்தோப் பேச்சு. லாசாக்காரருக்கே அது சட்டென்று விளங்காதாம், நம் ஆட்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய் வாய் திறந்தால் ஆகிற கதையைவிடத் தூரம் கூட. அவர் 2023 மே 8ஆம் திகதி, 53 வயதில் இறந்தார். நாலாம் இரவு போட்ட ‘ஸ்னோ லெப்பர்ட்’ அவர் போன பிறகுதான் திரைக்கு வந்தது.

முதல் இரவுப் படம் ‘த சைலண்ட் ஹோலி ஸ்டோன்ஸ்’, 2005. அவருடைய முதல் முழுநீளப் படம். மடத்தில் இருக்கும் ஒரு குட்டித் துறவி, லோசர் என்ற புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் புதிதாகத் தொலைக்காட்சி, வி.சி.டி. இயந்திரம். அதில் ஓடுவது குரங்கு வீரன் வரும் சீனத் தொடர். பையன் கண்ணை எடுக்க மாட்டேன் என்கிறான். ஊரில் அதே நேரம் திரிமே குந்தென் நாடகம் நடக்கிறது; கேட்டவருக்கெல்லாம் பொருளை, பிள்ளைகளை, மனைவியை, கடைசியில் தன் கண்களையே கொடுத்துவிடும் இளவரசனின் கதை. வெஸ்ஸந்தர ஜாதகத்தின் திபெத்திய வடிவம் அது, அம்பாறைப் பக்கத்துச் சிங்கள ஆட்களுக்கு அது வீட்டுக் கதை. நமக்கு அரிச்சந்திரனைச் சொன்னால் போதும். நாடகம் நடந்துகொண்டிருக்க, ஊர் இளசுகள் வீடியோ பார்க்க நழுவுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மண்டபத்தில் ஒரு பெருமூச்சு. கூத்துக் களரியில் மத்தளம் விழ விழ, பின்னால் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை மட்டக்களப்பில் எவரும் கண்டிருப்பார். ஆனால் படம் அந்தப் பெருமூச்சோடு நிற்கவில்லை, பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். பையன் பார்க்கும் தொடர் எதைப் பற்றியது? மேற்கே போய்ப் புத்த நூல்களைக் கொண்டுவரும் ஒரு துறவியைப் பற்றியது. மடத்தில் படிப்பித்ததும் பெட்டிக்குள் ஓடுவதும் ஒரே வழியில் வந்த கதைகள். பெட்டி மடத்துக்கே எடுத்து வரப்படும்போது பெரிய துறவிகளும் அதன் முன்னால் குந்திவிடுகிறார்கள். பையன் குரங்கு முகமூடியைக் காவியுடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு பிரார்த்தனைக்கு ஓடுகிறான். அந்த முகமூடி எந்தப் பக்கம், பழமையா புதுமையா? இரண்டுக்கும் நடுவில் கோடு கீறிப் பார்க்கிறவருக்கு இந்தப் படம் பாதிதான் கிடைக்கும்.

அன்றைக்குப் படத்தைக் கெடுத்தது எழுத்து. தமிழ் உபதலைப்பு போட்டிருந்தார்கள். அதற்கே ஒரு கும்பிடு போடலாம், கிழக்கில் யார் இந்த வேலைக்கு உட்காருகிறார்கள்? ஆனால் ஆரம்பத்தில் சரியாக வந்த எழுத்து போகப் போக வாயை விட்டு விலகியது. ஒரு மணித்தியாலம் கழிந்தபோது ஒருவர் தேநீர் ஊற்ற, எழுத்து அடுத்த காட்சியின் சண்டையைப் பேசிக்கொண்டிருந்தது. இயக்குகிறவர் வி.எல்.சி.யில் ‘ஜி’, ‘எச்’ விசைகளைத் தட்டித் தட்டிச் சரிக்கட்டப் பார்த்தார். சரிவரும், ஐந்து நிமிடத்தில் திரும்ப விலகும். இது நேரத்தை முன்பின் தள்ளித் தீரும் பிரச்சினையே அல்ல. எழுத்துக்கோப்பு விநாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் செய்தது, படக்கோப்போ 24. நூற்றுக்கு நாலு வீதம் வேறுபாடு. ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை 25இலிருந்து 24க்கு மாற்றிச் சேமித்தால் கதை முடிந்தது. அடையாளம் காண்பதும் லேசு: தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகல் என்றால் தள்ளினால் போதும், போகப் போகக் கூடினால் வேகம் பிழை.

தமிழுக்கென்றே சில தலைவலிகள் உண்டு. கோப்பை யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறி. சேமித்தாலும், பென்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியில் நேரே ஓட்டினால் பல பெட்டிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் குந்தும், அல்லது கட்டம் கட்டமாக வரும். தமிழைக் கோக்கத் தெரியாத பெட்டியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ‘ஹாண்ட்பிரேக்’ போன்ற மென்பொருள் ஒன்றில் எழுத்தைப் படத்திலேயே பதித்து ஒரே கோப்பாக்கிவிட வேண்டும். இன்னொன்று, பனி. வெள்ளை எழுத்து வெள்ளை மலையில் கரைந்துபோகும். கறுப்பு விளிம்பு தடிப்பாக வேண்டும், அல்லது எழுத்துக்குப் பின்னால் மங்கல் பட்டை. ஒரு வரிக்கு ஐந்தாறு சொல், இரண்டு வரி, மூன்று விநாடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிவது தமிழில் நீளும் என்பதை மறந்து அதே நேரத்துக்குள் திணித்திருந்தார்கள். வயதானவர்கள் முதல் வரியோடு விட்டுவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பில் இரண்டு இடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் இரண்டாம் இரவுப் படமான ‘தார்லோ’வில். 2015இல் வந்தது, கறுப்பு வெள்ளை, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். நாலில் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்பவருக்கு இதையே சொல்லலாம். நாற்பது வயது தாண்டிய ஆட்டிடையன் ஒருவன், பொலிஸ் நிலையத்தில் நின்று மாவோவின் ‘மக்களுக்குச் சேவை செய்’ உரையைச் சுலோகம் சொல்வதுபோல மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறான். சின்ன வயதில் பாடமாக்கியது. அவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும், படத்துக்கு முன் தலை கழுவ வேண்டும், தலை கழுவப் போன சலூனில் ஒரு பெண். அவ்வளவுதான் கதை. தலைமுடியைப் பின்னிப் போட்டிருப்பதால் ஊர் அவனை ஒரு பட்டப்பெயரால்தான் கூப்பிடும். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்த மாதிரி. அந்தப் பட்டப்பெயரைத் தமிழில் ‘குதிரைவால்’ என்று போட்டுவிட்டார்கள். ‘குடும்பியன்’ என்றால் மட்டக்களப்பு மண்டபம் அந்த விநாடியே ஆளைத் தன்னுடையவனாக்கியிருக்கும். இரண்டாவது இன்னும் மோசம். மாவோவின் உரையில் சிலருடைய சாவு தை மலையைவிடக் கனமானது, சிலருடையது இறகைவிட இலேசானது என்று வரும். தார்லோ படம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான்: என் சாவு எந்தக் கனம்? எழுத்தில் ‘தாய் மலை’ என்று வந்தது. பாதிப் பேர் அம்மாவைப் பற்றி ஏதோ உருக்கமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். ‘தைஷான் மலை’ என்று எழுதி, முதல் தடவை வரும்போது ‘சீனத்தின் புனித மலை’ என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் தீர்ந்தது. ‘லாமா’வுக்கு எல்லா இடத்திலும் ‘பிக்கு’ போட்டதும் சரியில்லை. கிழக்கில் அந்தச் சொல் தனியாக வருவதில்லை, நிறையச் சுமந்துகொண்டு வரும். ‘துறவி’ போதும், அல்லது ‘லாமா’வையே விடலாம்.

‘தார்லோ’வில் ஒரு ஸ்டூடியோக் காட்சி. ஒரு சோடி படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் சுருட்டி இறக்கும் திரைகள்: முதலில் லாசாவின் பொட்டாலா அரண்மனை, பிறகு பீஜிங்கின் தியனன்மென், பிறகு நியூயோர்க். உடுப்பும் மாறுகிறது. கோட்டு சூட்டுப் போட்டதும் இருவரும் மரக்கட்டை. இந்தச் சின்ன அறைக்குள்ளேயே படம் தன் வேலையை முடித்துவிடுகிறது, எவரும் ஒரு வசனத்தில்கூட ‘மாற்றம்’ என்று உச்சரிக்காமல். ஸ்டூடியோவில் சுவிஸ் மலைத் திரைக்கு முன்னால் கதிரையில் குந்தியிருந்த தாத்தாக்களின் படம் நம் வீடுகளிலும் தொங்குகிறது. கிராம சேவகர் கடிதம், ஸ்டூடியோ, பிரதேச செயலகம் என்று அலைந்தவர்களுக்கும் தார்லோவின் அலைச்சலை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிரிப்பு எழும்பியது, கடைசி அரை மணித்தியாலத்தில் அந்தச் சிரிப்பு அடங்கியது. தார்லோவாக நடித்த ஷிதே நியிமா திபெத்தியரிடையே பேர்பெற்ற நகைச்சுவை நடிகர் என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால், அந்த முகத்தில் என்ன காணாமல்போகிறது என்பது இன்னும் உறைத்திருக்கும். அதே ஆண்டு தாய்வானின் தங்கக் குதிரை விருதுகளில் சிறந்த தழுவல் திரைக்கதை இதற்குத்தான்.

கறுப்பு வெள்ளைப் படம் புரொஜெக்டரின் குணத்தை அம்பலமாக்கிவிடும். 3,000 லூமன் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் பன்னிரண்டடித் திரைக்குத் தாராளம், குறை இருட்டில். புரொஜெக்டருக்குக் கறுப்பு எறியத் தெரியாது. ஒளி விழாத இடத்தில் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான் அதன் கறுப்பு. படிக்கட்டில் ஒரு டியூப் லைட், சுவர்த் துவாரங்களுக்குள்ளால் வீதி விளக்கு; இரண்டும் சேர்ந்து தார்லோவின் இரவுகளைச் சாம்பல் கஞ்சியாக்கின. ஆறு முழம் கறுப்புத் துணியும் ஓர் ஏணியும் இருந்தால் தீரும் விஷயம். அடுத்தது ‘டைனமிக்’ முறை. பகலில் மண்டபத்தில் கூட்டம் வைக்க அது நல்லது, ஆனால் பச்சை தூக்கும். நிறப்படத்தில் தெரியாது, கறுப்பு வெள்ளையில் எல்லோரும் கண்டலிலை நிறத்தில் இருந்தார்கள். ‘சினிமா’ முறைக்கு மாற்றினால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், சாம்பல் சாம்பலாகும். திரையாகக் கட்டிய ஃபிளெக்ஸ் துணியின் பின்பக்கமும் பரவாயில்லை. ஆனால் நடுவில் ஒரு பளபளப்புத் திட்டு நின்றது. பளபளப்பில்லாத வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்தால் அதுவும் இராது.

ஒரு வேடிக்கை. ‘தார்லோ’வின் கடைசிப் பொலிஸ் நிலையக் காட்சியில் சுவரிலுள்ள சீன எழுத்து இடம்வலம் மாறித் தெரியும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. நெறியாளர் வேண்டுமென்றே வைத்தது. முதல் காட்சியில் நேராக இருந்த வாசகம்தான் அது. எழுந்துபோய்ப் புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார் ஒருவர். சீனம் தெரியாத மண்டபத்தில் அதைக் கண்டுபிடித்ததற்கு அவருக்கு ஒரு பிளேன்டீ இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நாலாம் இரவு, ‘ஸ்னோ லெப்பர்ட்’. 2023இல் டோக்கியோ விழாவின் பெரும் பரிசு பெற்றது. மண்டபம் நிரம்பியது அன்றைக்கு மட்டும்தான், கதை வாய்வழியாக முன்னமே பரவியிருக்க வேண்டும். பனிச்சிறுத்தை ஒன்று பட்டிக்குள் புகுந்து ஒன்பது ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. சிறுத்தை உள்ளேயே அடைபட்டுவிட்டது. மூத்த மகன் கொல்ல வேண்டும் என்று குதிக்கிறான், தகப்பன் அவிழ்த்துவிடச் சொல்கிறார், துறவியான இளைய மகன் சிறுத்தைகளைப் படம்பிடித்துத் திரிகிறவன். தொலைக்காட்சிக்காரர் வருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள். முதல் தரப் பாதுகாப்பு விலங்கு, தொடக்கூடாது. சரி, ஆட்டுக்கு யார் காசு தருவது?

வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் கிரானிலும் வெட்டுக்கு நின்ற வயலை ஒரு இரவில் யானைக்குக் கொடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வியை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ‘யானை வெடி’ கொளுத்திக் காவல் கிடந்து, விடிய வந்த உத்தியோகத்தரிடம் படிவம் வாங்கி நிற்கிறவனின் கத்தலும் மூத்த மகனின் கத்தலும் ஒன்று. அதிகாரி ஒருவர் நிதானமாகச் சட்டம் விளக்கும்போது மண்டபத்தில் சிரிப்பு வந்ததே, அது பகிடிச் சிரிப்பு அல்ல. படத்தின் கெட்டித்தனம், மூத்தவனை முரடனாகவும் துறவியை ஞானியாகவும் காட்டி ஒதுக்காததில் இருக்கிறது. மூத்தவன் சொல்வதில் கணக்கு இருக்கிறது, தகப்பன் சொல்வதில் ஊர் வழக்கு இருக்கிறது, அதிகாரி சொல்வதிலும் பிழையில்லை. கொஞ்சம் இடிக்கிறது கணினியில் செய்த சிறுத்தைதான். சில அசைவுகளில் பூனைக்குட்டியின் மிருது, கனம் காணாது. பெரிய திரையில் இது இன்னும் தெரியும்.

அன்றைக்கு வெளிச்சமும் அளவும் எழுத்தும் சரி; கெட்டது ஒலி. ஆட்கள் வாய் அசைக்கிறார்கள், சத்தம் அடுத்த வீட்டில் பேசுவதுபோல. காற்றும் நாய்க்குரைப்பும் மட்டும் நன்றாகக் கேட்டன. காரணம், படத்தில் இருப்பது ஆறு தட ஒலி; வசனம் முழுக்க நடுத் தடத்தில். இரண்டு பெட்டி ஸ்பீக்கருக்கு இடது, வலது தடங்களை மட்டும் அனுப்பினால் வசனம் வழியிலேயே நின்றுவிடும். ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்று தெரிவுசெய்தால் ஆறும் இரண்டாகக் கலந்து வரும். வாடகை ஸ்பீக்கர்களின் பாஸ் திருகியும் கோயில் திருவிழாப் பாட்டுக்கு வைத்த இடத்திலேயே நின்றது. மேட்டுநிலக் காற்று லொறி உறுமலாக இறங்கியது. பாதிக்குக் குறைத்தால் போதும். மேலே எட்டு ஃபேன், கடகட. எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்ல முடியாது, கல்லடிப் புழுக்கத்தில் ஆள் வெந்துவிடும். திரைக்குக் கிட்டவுள்ள இரண்டை நிறுத்தினாலே திரை ஆடாது, ஒலியும் தெளியும். கச்சான் சுருள்களின் சரசரப்பும் குறைய, அவற்றை இடைவேளையில் மட்டும் விற்கலாம்.

இடைவேளையும் ஒரு பேச்சு. நாலு படத்துக்கும் சரியாக அறுபதாவது நிமிடத்தில் விளக்கைப் போட்டார்கள். ‘ஜின்பா’ ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவு, அதற்கு இடைவேளையே வேண்டாம். ‘தார்லோ’வில் ஒரு நீண்ட காட்சியின் நடுவில் வெட்டினார்கள், கூத்தில் அரசனின் கொலு வரவு நடக்கும்போது, கூத்துப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்ட மாதிரி.

படத்துக்குப் பிந்திய கலந்துரையாடலுக்கு நிற்பதா விடுவதா என்று கேட்டால், முதல் மூன்று நாளும் விட்டுவிட்டுப் போயிருந்தால் நட்டமில்லை. பேச வந்தவர்கள் ‘பண்பாடு அழிகிறது’ என்பதை அரை மணித்தியாலத்துக்கு நீட்டினார்கள். படத்தில் அழுகிற ஆள் எங்கே? தார்லோ அழவில்லை, குட்டித் துறவி அழவில்லை. பாரம்பரியத்தை இந்தப் படங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடவில்லை. அது ஆட்களின் கையில் புழங்குகிறது, அழுக்காகிறது, விலைபோகிறது, சில நேரம் திருட்டுப்போகிறது. நாலாம் இரவு மட்டும் முன்வரிசை மாட்டுப் பட்டிக்காரர் ஒருவர் எழுந்து, மயிலத்தமடு-மாதவனை என்ற மேய்ச்சல் தரையில் குறிசுட்ட மாடு காணாமல்போவதையும் படத்திலுள்ள வேலியையும் சேர்த்து இரண்டு நிமிடம் பேசினார். அந்த இரண்டு நிமிடம் போதும்.

தெரிவில் ஒரு குறை. பேமா செடெனின் 2009ஆம் ஆண்டுப் படமான ‘த சேர்ச்’ இல்லாமல் மட்டக்களப்பில் இந்த வரிசை நிரம்பாது. ஒரு படக்குழு காரில் ஊரூராய்ப் போய், அதே திரிமே குந்தென் நாடகத்துக்கு நடிகர் தேடுகிறது. பாடத் தெரிந்த ஒருத்தி கிடைக்கிறாள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு. தன்னை விட்டுப்போனவன் இளவரசனாக நடித்தால்தான் வருவேன் என்கிறாள். ஒரு கூத்துக்குச் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு, கொடுத்து, ஆள் சேர்த்து, சதங்கை அணிவித்து அரங்கேற்றம் வரை இழுத்துப் போன எந்த அண்ணாவியாரும் இதை இருந்த இடத்தை விட்டு அசையாமல் பார்ப்பார். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் ஆடும் ஊர்களில் போட்டுக்காட்ட வேண்டிய படம். ‘பலூன்’ (2019) போடாததும் நியாயமே: பிள்ளைகள் கருத்தடை உறையை ஊதிப் பலூனாக்கி விளையாடுவதில் தொடங்கும் படம் அது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு முன்னறிவித்தல் இல்லாமல் போட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே கதிரைகள் காலியாகும். அறிவித்துவிட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் ஓர் இரவு போட்டால் நாலையும் விழுங்கிவிடக்கூடிய படம்.

அடுத்த சுற்றில் ‘த சேர்ச்’ போடுவதாகக் கடைசி நாள் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், பேச்சு அதிகம், எழுத்து வாசிக்காமல் பார்க்க முடியாது. இந்த மண்டபத்தில் தரை சமம், திரையின் அடி மூன்றரை அடி உயரத்தில்தான் நிற்கிறது; கதிரையில் குந்திய ஆளின் தலை நாலடிக்கு மேல் வரும். அவர்கள் திரையை ஓர் அடி ஏற்றிக் கட்டும்வரைக்கும் நேரத்துக்கு வந்து முதல் வரிசையைப் பிடியுங்கள், இல்லையென்றால் நடுவழியோரக் கதிரை.